சண்முகக்கனிக்கு முளைக்காத நம்பர்

தொழில் கணக்கெடுக்கிற பெண் வந்துவிட்டுப் போன அதே வாரம், வெள்ளிக்கிழமை காலையில், முத்தாண்டி விலக்கில் கடை போட்டிருக்கிற அத்தனை பேருக்கும் வலது மணிக்கட்டின் உள்பக்கம் புளியங்கொட்டை நிறத்தில் நாலு இலக்க நம்பர் ஒன்று முளைத்திருந்தது. நார் போட்டுத் தேய்த்துக் குளித்தவர்களுக்கு அது போகவில்லை, தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தவர்களுக்குப் பளபளப்பு கூடியதுதான் மிச்சம். இது எப்படி வந்தது, எதனால் வந்தது என்று ஒரு ஆள் கேட்கவில்லை. உனக்கு என்ன நம்பர், அவனுக்கு என்ன நம்பர் என்றுதான் எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள். ரெண்டு ரோடு பிரிகிற அந்த முக்கில் மொத்தமே பதினாலு கடைகள், பதினாலு பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் கூடி நின்றதைப் பார்த்து, ஊருக்குப் போக நின்ற சனங்கள் ஏதோ தடுப்பூசி முகாம் என்று நினைத்துப் பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.

சண்முகக்கனி மட்டும் தங்கள் ஓட்டலின் பின்கட்டில் நின்று தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒட்டியிருந்த மாவைக் கழுவிவிட்டுப் பார்த்தாள், வெயிலில் நீட்டிப் பார்த்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று இடது கையையும் பார்த்தாள். நாற்பத்தாறு வயசுக் கையில் எண்ணெய் தெறித்த தழும்பு பதினொன்று இருந்தது, நம்பர் என்று ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பூரணச்செல்வி ஓடிவந்தாள். பூரணச்செல்வி, கனியின் புருஷன் அய்யாத்துரைக்குத் தம்பி பெண்டாட்டி, கனிக்கு ஓரகத்தி, ஒரே சுவருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு குடும்பம். "யக்கா, இங்க பாரேன், எனக்கு ஆயிரத்து நானூத்திப் பத்து! அத்தானுக்கு அய்யாயிரத்து அறுநூத்திப் பத்தாம்லா! ஒனக்கு என்னக்கா?" என்று அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டியபோது கனிக்கு அடிவயிற்றில் பற்றியது பாருங்கள் ஒரு எரிச்சல், அது ஆவணி மாசம் வரைக்கும் அணையவே இல்லை. சொல்ல வந்தது அந்த எரிச்சலைத்தான். நம்பர் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஜெசிந்தா என்கிற அந்தப் பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக வந்தாள். உலகத்து நாட்டுக்காரர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து, மனுஷன் பிழைப்புக்காகச் செய்கிற வேலையை எல்லாம் ஒரே பட்டியலாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்களாம். எந்தக் கண்டத்தில் எந்த மூலையில் துணி தைத்தாலும் அதே நம்பர், எந்தச் சந்தில் இட்லி அவித்தாலும் அதே நம்பர். ஒரு ஆள் ஒன்பது வேலை செய்தாலும் எது பெரிய வேலையோ அதற்குத்தான் நம்பர். இதை எல்லாம் சொல்லிக்கொண்டே அவள் பின்கட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, கனி ஒரு கையால் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டு மறு கையால் சால்னாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் இரைச்சலில் ஜெசிந்தா ரெண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. "அக்கா, நீங்க என்ன தொழில் செய்றீங்க?"

கனி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கூச்சத்தோடு சிரித்து, "நானா? நான் சும்மாதான் இருக்கேன்மா, வீட்ல" என்றாள்.

நம் பக்கத்துப் பெண்களிடம் யார் கேட்டாலும் யோசிக்காமல் வாயில் வந்து விழுகிற பதில் அது. வயலில் இடுப்பொடிய நடவு நட்டவளும் அதைத்தான் சொல்வாள், நான் பாடுபடுகிறேன் என்று சொன்னால் புருஷனுக்குக் கௌரவக் குறைச்சல் என்று நாக்கே பார்த்துக்கொள்ளும். ஜெசிந்தாவும் சரியென்று தலையாட்டிவிட்டு, கல்லாவில் உட்கார்ந்திருந்த அய்யாத்துரைக்கு ஓட்டல் நம்பரைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போனாள். பூரணச்செல்வி வாரத்துக்கு ரெண்டு ஜாக்கெட் தைத்தால் அதிகம், மூணாவது வந்தால் தலைவலி என்று படுத்துவிடுவாள். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள்: "டெய்லர்னு போடு. லேடீஸ் டெய்லர்."

அதுகூடப் பரவாயில்லை. அந்தத் தையல் மெஷின் யாருடையது? கனி கல்யாணமாகி வரும்போது அவள் அப்பா வாங்கிக் கொடுத்த சீதனம், மயில் படம் போட்ட மெஷின். ஓட்டல் வேலையில் அதைத் தொட நேரமில்லாமல், பன்னிரண்டு வருஷம் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்து, பூரணம் புதுப்பெண்ணாக வந்தபோது, "எனக்கெதுக்குட்டி, நீ வச்சுக்க" என்று தன் வாயாலேயே தூக்கிக் கொடுத்தவள் கனிதான்.

முத்தாண்டி விலக்கு நம்பரை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், புது மருமகளை ஏற்றுக்கொள்கிற மாதிரிதான், முதலில் முறை என்ன என்று பார்த்தது. முடிவெட்டுகிற இசக்கிக்கும் பியூட்டி பார்லர் ரெஜினாவுக்கும் ஒரே நம்பர் விழுந்திருந்தது. ஏழு வருஷமாக இசக்கி நிற்கிற பக்கமே திரும்பிப் பார்க்காத ரெஜினா, வேறு வழியில்லாமல் அவனை "அண்ணன்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஒரே நம்பர்க்காரர்கள் கூடப்பிறந்த முறை, கல்யாணம் கூடாது. முதல் ரெண்டு எண் மட்டும் ஒன்றாக இருந்தால் மாமன் மச்சான் முறை, கொடுக்கலாம் எடுக்கலாம் என்று பதினாலு கடைக்காரர்களும் வேப்பமரத்தடியில் கூடி ஒரே மத்தியானத்தில் முடிவெடுத்தார்கள். பாவம், ஜோசியர் அம்பலவாணனுக்குத்தான் சகிக்கவில்லை. எந்தப் பிரிவிலும் அடங்காத சில்லறைச் சேவைகள் என்று பட்டியலில் ஒரு மூட்டை உண்டாம், அதில் அவரையும் பஸ் ஸ்டாப்பில் எடை பார்க்கிற மெஷின் வைத்திருக்கிற பேச்சிமுத்துவையும் ஒன்றாகப் போட்டுக் கட்டிவிட்டார்கள். ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார், மூணாம் நாள் பேச்சிமுத்துவே வந்து "வாங்கண்ணே, டீ குடிக்கலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனான்.

அதற்குள் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. அவரவர் வேலையில் கை இருக்கும்போது மணிக்கட்டைக் காதில் வைத்தால், அதே நம்பர் உள்ளவர்கள் உலகத்தில் எங்கெங்கே அந்த நேரம் வேலை செய்கிறார்களோ அத்தனை பேருடைய சத்தமும் கேட்டது. இசக்கிக்குக் கத்திரி சத்தம் மழைபோலக் கேட்டது. ஜோசியருக்கு முன்னூறு பாஷையில் அடுத்த வருஷம் நன்றாக இருக்கும் என்று சொல்கிற குரல் கேட்டது. பேசினால் அவர்களுக்கும் கேட்கும். என்ன பாஷையோ என்னவோ, புரியவும் புரியும்.

பூரணத்தைக் கேட்கவா வேண்டும்! மெஷினை மிதிப்பாள், நிறுத்துவாள், மணிக்கட்டைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சிரிப்பாள். "யக்கா, ஒருத்தி பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டே தைக்கா. யக்கா, ஒரு எடத்துல எரநூறு மெஷின் ஒண்ணா ஓடுதுக்கா, நம்ம தாமிரபரணியில வெள்ளம் வார மாதிரி. யக்கா, ஜாக்கெட்டுக் கை சுருக்கம் விழுதுன்னு கேட்டேன், ஒரு கெழவர் நூலைத் தளர்த்தச் சொன்னாரு, இப்ப பாரு, எம்புட்டு நேர்த்தியா உக்காருது!" சுவரைத் தாண்டி வருகிற ஒவ்வொரு 'யக்கா'வும் கனியின் காதில் காய்ச்சின எண்ணெயாக விழுந்தது. என் மெஷின், என் அப்பா வாங்கிக் கொடுத்த மெஷின், அதில் உட்கார்ந்துகொண்டு உலகத்தோடு கொஞ்சுகிறாள் என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பொறுக்கவில்லை. சாம்பாரில் ரெண்டு தடவை உப்புப் போட்டாள், தோசையைக் கல்லிலேயே கரியவிட்டாள், பூரணம் தைத்துக் கொடுத்த புது ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, அளவு கச்சிதமாக இருந்ததற்காகவே அதைப் பெட்டியின் அடியில் தள்ளினாள்.

ஆனி மாசம், ஒரு புதன்கிழமை மத்தியானம், பஞ்சர் கடை அருளப்பனின் பெண்டாட்டி செலின் மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். சேதி வந்தபோது அருளப்பன் ஒரு லாரி டயரைத் தட்டிக்கொண்டிருந்தான். கையில் சுத்தியலோடு அப்படியே உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல் மணிக்கட்டைக் காதில் வைத்தான். ஒரு சத்தம் இல்லை. எப்போதும் லட்சம் சுத்தியல் கேட்கிற இடத்தில் ஒன்றுகூட விழவில்லை. பிறகு எழுந்து, கூடியிருந்தவர்களிடம், "எல்லாரும் வேலையக் கீழ வச்சுட்டாவ. எங்க செலினுக்காக உலகம் பூராவும் வச்சுட்டாவய்யா" என்று சொல்லி அழுதான். அப்போதுதான் அவனுக்கு அழுகையே வந்தது.

செலின் வீட்டில் அன்றைக்கு மாரில் அடித்துக்கொண்டு அழுதவர்களில் சண்முகக்கனியை மிஞ்ச ஆளில்லை. இவ்வளவு பாசமா என்று பார்த்தவர்கள் எல்லாம் உருகிப்போனார்கள். பாசமாவது ஒன்றாவது! செலின் ஒரு நம்பரும் இல்லாதவள், ஆனாலும் புருஷன் நம்பரில் அவளுக்கு இவ்வளவு மரியாதை நடந்துவிட்டது. நாளைக்கு நான் செத்தால் யார் கரண்டியைக் கீழே வைப்பார்கள்? கல்லாவில் உட்கார்ந்தபடியே அவர் மணிக்கட்டைக் காதில் வைத்து, நின்றுபோனது என்று சொல்வார், அதுவும் அவருடைய துக்கத்துக்காக நின்றதாகத்தானே ஆகும்? எனக்கென்று, என் கைக்கென்று, ஒரு நிமிஷம் எங்கேயும் எதுவும் நிற்காதா? இதை நினைத்துத்தான் அவள் அழுதாள், செலினுக்காக அழுதது கால்பங்கு இருந்தால் அதிகம்.

மறுநாள் காலையில் பூரணத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "என் மெஷினக் குடு."

பூரணம் விளையாட்டு என்று நினைத்தாள். "எந்த மெஷினு?"

"என் அப்பா வாங்குன மெஷினு. எரவலாத்தான் தந்தேன். குடுட்டி."

"யக்கா, நீதான வச்சுக்கன்னு சொன்ன?"

"சொன்னேன். இப்ப வேணுங்கேன்."

பூரணம் முகம் சுண்டிப்போய், தைக்க வைத்திருந்த துணியை மடித்து எடுத்துக்கொண்டாள், தானே ஒரு பக்கம் பிடித்து மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து கனி வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். கொஞ்சம் சண்டை போட்டிருந்தாலாவது கனிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நாலு நாள் கனி அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பழைய சேலையைக் கிழித்துத் திரைச்சீலை தைக்கிறேன் என்று மெஷினில் உட்கார்ந்தாள், மிதித்தாள், நிறுத்தினாள், வெறும் மணிக்கட்டைக் காதில் வைத்தாள், தன் நாடி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அய்யாத்துரை பாக்கெட் மாவு வாங்கி இட்லி அவித்தார், அது கல்லாக வந்தது, லாரிக்காரர்கள் தட்டைத் தள்ளிவிட்டு அடுத்த விலக்குக்குப் போனார்கள். ரெண்டாம் நாள் அவர் பயந்த முகத்தோடு வந்து நின்றார். "கனி, என் கையில ஒரு சத்தமும் கேக்கலட்டி."

"எனக்குப் பொறந்ததுலருந்தே கேக்கல" என்று சொல்லிவிட்டு அவள் மெஷினை மிதித்தாள்.

நாலாம் நாள் சாயங்காலம், சுவருக்கு அந்தப் பக்கம் பூரணம் யாரோடோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. மெஷின்தான் போய்விட்டதே, நம்பர் போகவில்லையே. கையூசியால் ஓரம் அடித்துக்கொண்டே அவள் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். கனிக்குக் கண் இருண்டுகொண்டு வந்தது. ஆத்திரத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள், ஊசி இறங்கியது, வலது ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்து உள்ளே போய் ஒடிந்தது. கத்திய கத்து பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது, ரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி, தலை மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசித் துண்டை எடுத்துக் கட்டுப் போட்டுக் கூட்டிவந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து காப்பியில் ரொட்டியை நனைத்து ஊட்டியவள் பூரணம்தான். "யக்கா, நீ செத்துட்டேன்னே நெனச்சேன்" என்றாள்.

"நெனப்ப. மெஷினு திரும்பக் கெடைக்கும்லா."

பூரணம் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "கையில ஊசியும் நூலுமாத்தான் ஓடியாந்தேன். ஒன்னையப் பாத்துட்டு அய்யோ எங்கக்கான்னு நான் கத்துனது அங்க கேட்டுருக்கு. பெறகு பாத்தா ஒரு மெஷினு ஓடல. எல்லாம் நின்னுட்டுக்கா."

"யாருக்காக?"

"ஒனக்காகத்தான்."

கனி எழுந்து உட்கார்ந்தாள். "நான் அந்த நம்பர் இல்லையேட்டி."

"அதத்தான் கேட்டாவ, நம்ம ஆளான்னு. ஆமான்னேன். இத்தன வருசமும் நான் தைச்சது அவ மெஷின்லதான்னேன். ஊசி ஏறிட்டுன்னதும் எல்லாரும் 'ஆ'ன்னாவ. அவுகளுக்குத் தெரியாதா அந்த வலி?"

கனியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வேறொருத்தியாக இருந்தால் அந்த நிமிஷமே ஓரகத்தியைக் கட்டிப்பிடித்திருப்பாள். கனி கேட்டாள்: "எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"ஆட்டோ வார வரைக்கும்."

"செலினுக்கு?"

"அருளப்பண்ணன் சொன்னதப் பாத்தா ஒரு பீடி பத்தவைக்கிற நேரம் இருக்கும்."

ஆட்டோ வரப் பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும். கனி நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்தாள், மூச்சை இழுத்துவிட்டாள், ரெண்டு வாய் காப்பியும் குடித்தாள். பிறகு திடீரென்று முகம் கோணியது. "எனக்காக நின்னத நீதான கேட்ட! எனக்குக் கேக்கலையேட்டி!" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, தேம்பித் தேம்பி அழுதாள். மறுநாள் காலையில் மெஷின் பூரணத்தின் வீட்டுக்குத் திரும்பிப் போனது, கூடவே ஒரு தூக்குவாளி நிறையச் சால்னாவும் போனது.

ஆவணியில் ஜெசிந்தா சரிபார்க்க வந்தாள். எல்லாக் கடையிலும் பழைய விவரத்தை வாசித்துக் காட்டித் தலையாட்டல் வாங்கிக்கொண்டு வந்தவள், அய்யாத்துரையிடம், "ஓட்டல், அஞ்சு ஆறு ஒண்ணு சைபர், சரிதானே?" என்றாள். அவர் தலையாட்டினார். பின்கட்டைப் பார்த்து, "அக்கா, நீங்க சும்மாதானே இருக்கீங்க?" என்றாள். ஒரு தலையாட்டல் போதும், அவள் அடுத்த கடைக்குப் போய்விடுவாள்.

கனி கிரைண்டரை நிறுத்தினாள். கல்லாவில் உட்கார்ந்திருக்கிற புருஷனைப் பார்த்தாள். நல்ல மனுஷன், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். இருபத்தாறு வருஷமாக அவர் தலை நாலு பேர் முன்னால் குனியாமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான். இப்போது வாயைத் திறந்தால் நாளைக்கு வேப்பமரத்தடியில் அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அது தெரிந்தும், சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற மெஷின் சத்தம் காதில் விழுந்ததும், அடிவயிற்று எரிச்சல் வாய்க்கு வந்துவிட்டது.

"யாரு சொன்னா சும்மா இருக்கேன்னு? இந்த ஓட்டல நடத்துதது நான். அரைக்கது நான், அவிக்கது நான், தாளிக்கது நான். அவுக கூடமாட ஒத்தாசைக்கு இருக்காவ."

ஜெசிந்தா போனையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு கடைக்கு ஒரு பேருதான்கா போட முடியும்."

"ஒண்ணு போதும்."

அய்யாத்துரை கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "போடும்மா. அவ சொல்லுதது நெசந்தான். நாலு நாளு அவ அடுக்களைக்குள்ள போகல, என் கை செத்துக் கெடந்துச்சு" என்றார். கனிக்கு அவரைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் சொன்ன வார்த்தையை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய்த் தழும்பு பதினொன்றுக்கும் நடுவில் நம்பர் முளைத்திருந்தது, புத்தம் புதிதாக, புளியங்கொட்டை நிறத்தில். கனி அதை ஒருத்தரிடமும் காட்டவில்லை. அடுப்பைப் பற்றவைத்து, சாம்பாரை ஏற்றி, ஒரு கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை மெதுவாகக் காதில் வைத்தாள்.

எத்தனை அடுப்பு! எத்தனை மூடி, எத்தனை கரண்டி, எங்கோ மீன் பொரிகிறது, எங்கோ ரொட்டியைப் புரட்டுகிறார்கள், எங்கோ ஒருத்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டே மூக்கை உறிஞ்சுகிறாள். அவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண்குரல் பக்கத்தில் நிற்கிற மாதிரிக் கேட்டது: "புதுசா வந்திருக்கியா?" கனி அடுப்புப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புதுசெல்லாம் இல்ல, இருபத்தாறு வருசமாச்சு" என்று சொன்னாள். அந்தப் பக்கம் யார் யாரோ சிரித்தார்கள், எவளோ ஒருத்தி கரண்டியால் சட்டி விளிம்பில் ரெண்டு தட்டுத் தட்டினாள்.

வாசல்படியில் அய்யாத்துரை வந்து நின்றார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெண்டாட்டி முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்தார். அந்தப் பார்வை கனிக்கு நன்றாகத் தெரியும், மூணு மாசமாகக் கண்ணாடியில் பார்த்த பார்வை.

"என்னட்டி கேக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று சொல்லிவிட்டுச் சாம்பாரைக் கிண்டினாள், மணிக்கட்டைக் காதிலிருந்து எடுக்கவில்லை.